படத்தில் இல்லாத சக்கரங்கள்

பயன்தீர்ந்த ஊர்திகள் முடிவாக்க இயக்ககம் என்ற ஒன்று புதுச்சேரியில் இருப்பது, அதில் வேலை செய்பவர்களுக்கும் அவர்களுக்கு டீ கொண்டுபோகிறவருக்கும் மட்டுமே தெரியும். சாரம் பகுதியில் ஒரு தெருக்கோடியில் மஞ்சள் பூசிய கட்டடம். அதன் பின்னால் சுற்றுச்சுவர் போட்ட திடல். அரசாங்கம் ஒரு காலத்தில் ஓட்டி ஓய்ந்த பழைய லாரிகள் ஏழு அந்தத் திடலில் நிற்கின்றன. அவற்றை விற்று முடிப்பதற்காகத்தான் இயக்ககம் உண்டாக்கப்பட்டது. லாரிகள் விற்கவில்லை. ஆகவே இயக்ககமும் முடியவில்லை.

தனக்கொடிக்கு இந்த இயக்ககத்தைப் பற்றித் தெரியவந்தது, அவள் கடையை மூன்றாம் தடவையாக இடித்துப்போட்ட அன்றைக்கு.

கடலூர் சாலையில் தவளக்குப்பம் சந்திப்பில் அவள் கடை. நாலு தகரம், மூங்கில் கால், ஒரு நீல தார்ப்பாய். காலையில் இட்லியும் வடகறியும், மதியத்தில் மீன்குழம்புச் சோறு. சாலை ஆக்கிரமிப்பு அகற்ற வந்த மேற்பார்வையாளர் முதலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். வடகறி இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினார். கை கழுவிவிட்டு, இடிக்கச் சொல்லி இயந்திரக்காரருக்குக் கைகாட்டினார்.

"எம்மேல கோவப்படாதம்மா. சக்கரம் இருந்தா வண்டி. சக்கரம் இல்லேன்னா ஆக்கிரமிப்பு. சட்டம் அப்பிடி இருக்குது, நான் இன்னா பண்றது?"

"அப்ப தள்ளுவண்டி போட்டுக்கறேன் சார்."

"தள்ளுவண்டின்னா தூக்கி டிப்பர்ல போட்டுனு போயிடுவோம். தூக்க முடியாத வண்டியா பாரு." வாயைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

தூக்க முடியாத வண்டி என்றால் என்ன என்று தனக்கொடி அன்று சாயங்காலம் வரை யோசித்தாள். பிறகு போனை எடுத்து, பழைய லாரி விற்பனை என்று தேடினாள். அவள் கணவர் ராஜவேல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். உழவர்கரையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் வேலை அவருக்கு. அதற்கு முன்னால் மில்லில் இருந்தார். மில்லை மூடப்போகிறோம் என்று வாசலில் அறிவித்தபோதுகூட "சரிங்க" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்த மனிதர்.

இயக்ககத்தின் விளம்பரம் இப்படி இருந்தது:

"பழங்காலக் கனரக ஊர்தி, வரிசை நான்கு. நிறம்: இருந்தது. நிலை: நின்ற நிலை. ஓட்டம்: ஓடியது. சிறப்பம்சங்கள்: உண்டு."

அதன் கீழே மூன்று படங்கள். முதல் படத்தில் படமெடுத்தவரின் கட்டைவிரல் முழுசாகத் தெரிந்தது; விரலுக்கு மேலே கொஞ்சம் வானம். இரண்டாவதில் ஒரு ஆட்டின் பின்புறம். ஆட்டுக்கு அப்பால் துருப்பிடித்த ஏதோ ஒன்று. மூன்றாவது படம் பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. தனக்கொடி போனைச் சாய்த்தாள். போனோடு சேர்ந்து படமும் சாய்ந்துகொண்டது. கடைசியில் அவளே பாயில் ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தாள். நீண்ட மூக்கு வைத்த பழைய லாரி ஒன்றின் பாதி முகம், வேப்பங்கிளைக்கு நடுவில் தெரிந்தது.

"இதுதாங்க எனக்கு வேணும்."

"ஆடா?" என்றார் ராஜவேல்.

மறுநாள் இருவரும் சாரத்துக்குப் போனார்கள். முன்னறையில் எழுத்தர் நாராயணசாமி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பெரிய ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே அந்த லாரி, முழு லாரி, மூக்கும் முகமுமாக வெயிலில் நின்றுகொண்டிருந்தது.

"சார், வரிசை நாலு லாரிய பாக்கணும்."

"படம் போட்டிருக்கோமேம்மா."

"படத்துல ஆடுதான் சார் தெரியுது. அதோ உங்க பின்னால நிக்குதே, அதத்தான் சொல்றேன். கிட்ட போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

நாராயணசாமி திரும்பிப் பார்த்தார். எழுந்தார். ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அது இன்னும் பார்வைக்கு வரலம்மா. பார்வைக்கு வந்தது படம்தான்."

"அப்ப நல்லதா ஒரு படம் எடுத்துப் போடுங்க."

அவர் அங்கே வேலைக்கு வந்த பதினைந்து வருஷத்தில் அப்படி ஒன்றை யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவர் பயந்துபோய் அவளைத் துணை இயக்குநரிடம் அனுப்பினார்.

துணை இயக்குநர் விஜயராகவன் உயரமான நாற்காலியில் இருந்தார். நாற்காலி முதுகில் வெள்ளைத் துண்டு. மேசை மேல் ஒரு மின்விசிறி அவர் பக்கம் மட்டுமே திரும்பும்படி கட்டப்பட்டிருந்தது. அவருடைய தாத்தா பிரெஞ்சுக்காரர் காலத்தில் மேரியில் வேலை பார்த்தவர். அதனால் நகராட்சி என்ற சொல்லை அவர் இன்றுவரை உச்சரித்ததில்லை. மேரி என்றுதான் சொல்வார்.

"படம் கேட்பது மனுதாரரின் உரிமை. தெளிவான படம் கேட்பது ஆடம்பரம்," என்றார். "தனியார் கடைக்காரன்தான் பொருளைத் துடைத்து, வெளிச்சம் போட்டு, ஆளை மயக்குவான். அரசாங்கம் யாரையும் மயக்காது. எங்கள் படத்தைப் பார்த்து இதுவரை ஒருவராவது மயங்கியிருக்கிறாரா, சொல்லுங்கள்?"

"இல்லைங்க" என்றார் ராஜவேல்.

"அதுதான் எங்கள் நேர்மை."

தனக்கொடி நகரவில்லை. நல்ல படம் போடும்வரை தினம் வருவேன் என்றாள். கடை இடிந்து கிடந்ததால் அவளுக்கு வேறு வேலையும் இல்லை. சொன்னபடி தினம் வந்தாள். முன்னறை பெஞ்சில் உட்கார்ந்து பூண்டு உரித்தாள், கீரை ஆய்ந்தாள். அலுவலகம் முழுக்கப் பூண்டு வாசனை அடித்தது. மீன் கழுவ வாளி கேட்டபோது விஜயராகவன் பணிந்தார். பட மேம்பாட்டு ஆய்வுக் குழு ஒன்றை அமைத்தார்.

நல்ல படத்துக்கு அடிப்படை நல்ல வெளிச்சம் என்று குழு முதல் கூட்டத்திலேயே கண்டறிந்தது. வெளிச்சத்தை அதன் இயல்பான இடத்தில் ஆராய்வதற்காகக் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போனது. போய்வந்த படங்களை இயக்ககத்தின் பக்கத்தில் ஏற்றினார்கள். தனக்கொடி அவற்றைப் போனில் பார்த்தாள். ஏரி, படகு, குதிரை மேல் விஜயராகவன். குதிரையின் கண்ணிமை மயிரை எண்ணிவிடலாம், அவ்வளவு துல்லியம்.

"கேமரா நல்லாத்தாங்க இருக்குது," என்று கணவரிடம் காட்டினாள். "லாரியப் பாத்தாதான் அதுக்குக் கண்ணு தெரியாம போயிடுது."

"விட்டுடேன் கொடி. பெரிய எடம்."

"இன்னா பெரிய எடம்? அடுப்பு வைக்க எனக்கு எடமில்ல. எனக்கு அதுதான் பெருசு."

பிறகு படமெடுப்பு விழா வந்தது. திடலில் பந்தல் போட்டார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். லாரியை அப்படியே விட்டுவிட்டு, அதைச் சுற்றியிருந்த புல்லை மட்டும் வெட்டினார்கள். விஜயராகவன் ஒலிபெருக்கி முன்னால் நின்றார்.

"இந்த லாரியைச் சாதாரண லாரி என்று நினைத்துவிடாதீர்கள்! இதற்காக ஒரு இயக்ககம் இருக்கிறது. இயக்ககத்துக்கு ஒரு கட்டடம் இருக்கிறது. கட்டடத்துக்கு ஒரு மின்தூக்கி வரப்போகிறது. எத்தனை குடும்பங்கள் இந்த லாரியை நம்பி வாழ்கின்றன! ஓடிக்கொண்டிருந்தபோது இது ஒரு ஓட்டுநருக்கும் ஒரு உதவியாளுக்கும்தான் சோறு போட்டது. நின்ற பிறகு எங்கள் அத்தனை பேருக்கும் போடுகிறது. இதை அவசரப்பட்டு விற்றுவிடுவது பொறுப்பான நிர்வாகம் ஆகுமா?"

நிறையக் கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் லாரிக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். துணை இயக்குநருக்கு அவருடைய நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்கள். வெயிலாக இருந்ததால் மேசை விசிறியும் வந்தது. ஊட்டிப் பயணத்துக்காக வாங்கிய புது ஜீப்பை, படத்தில் விழவேண்டும் என்று ஓரமாக நிறுத்தினார்கள். படம் மிகத் தெளிவாக வந்தது. இரண்டு அலுவலர்களின் தோளுக்கு இடையில் லாரியின் ஒரு முகவிளக்கும், தலைகளுக்கு மேலே அதன் கூரையும் தெரிந்தன.

அந்தப் படத்தைப் பார்த்துத் தனக்கொடி ஏலம் கேட்டாள். வேறு யாரும் கேட்கவில்லை. வாங்குகிறவர் வந்துவிட்டால் என்ன செய்வது என்று விதிகளில் எங்குமே சொல்லப்படவில்லை. நாராயணசாமி இரண்டு முறை தேடிப் பார்த்துவிட்டுக் கடைசியில் அவளிடமே கேட்டார்.

"கட்டின பணத்துக்கு ரசீது குடுங்க சார். லாரிய குடுங்க. அவ்ளோதான்," என்றாள் அவள்.

லாரியை எடுத்துப்போக வேண்டிய நாளில் தனக்கொடி தன் தாய்மாமன் மகனின் டிராக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். டிராக்டரை ஓட்டியவன் திடலுக்குள் போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"அக்கா, வண்டி தரையில ஒக்காந்திருக்குது."

நேற்றுவரை நின்றுகொண்டிருந்த லாரி, செங்கல் அடுக்கின் மேல் வயிறு பதித்துக் கிடந்தது. ஆறு சக்கரங்களையும் கழற்றியிருந்தார்கள். முன்மூடியைத் திறந்து பார்த்தால் எஞ்சினும் இல்லை. அங்கிருந்த குருவிக்கூட்டை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள்.

தனக்கொடி நேராகத் துணை இயக்குநர் அறைக்குப் போனாள். ராஜவேல் பின்னால் ஓடினார்.

"எங்க சார் என் சக்கரம்?"

விஜயராகவன் பதறவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பழுப்பேறிய தாளை எடுத்தார்.

"இது பிரெஞ்சுக்காரர் காலத்து தெக்ரே. இந்த ஆணை இன்னும் அமலில் இருக்கிறது. ஏலத்தில், படத்தில் காண்பது விற்கப்படும். படத்தில் காணாதது விற்கப்படாது. உங்கள் படத்தில் சக்கரம் எங்கேயாவது தெரிகிறதா அம்மா?"

"நீங்கள்ளாம் மறைச்சுக்கினு நின்னா எப்பிடி சார் தெரியும்?"

"எப்படித் தெரியவில்லை என்பது விதிக்குத் தேவையில்லாத கேள்வி. தெரியவில்லை, அவ்வளவுதான்."

அந்த ஆணை உண்மையில் கவர்னர் மாளிகைச் சுவர்ச் சித்திரங்களை விற்பதற்காகப் போடப்பட்டது என்று பின்னால் தெரிந்தது. யாருக்கும் பிரெஞ்சு சரியாக வராததால், லாரிக்கும் அதுதான் என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"எஞ்சின நீங்களே வச்சுக்குங்க," என்றாள் தனக்கொடி. "எனக்கு அது வாணாம். சக்கரம் இல்லேன்னா என் கடைய நாளைக்கே இடிச்சுடுவானுங்க சார். சக்கரத்த மட்டும் குடுங்க."

"முடியாதம்மா. சக்கரங்களுக்குத் தனியாக விளம்பரம் போடுவோம். அதற்கு ஒரு குழு அமைக்க வேண்டும். நீங்கள் உரிய நேரத்தில் விண்ணப்பிக்கலாம்."

ராஜவேல் மெல்ல அவள் கையைத் தொட்டார். "வா கொடி. போயிடலாம்."

அவள் போகவில்லை. போனை எடுத்து அந்தப் படத்தைத் திறந்தாள். விரலால் விரித்து விரித்து மூலை மூலையாகப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"எழுந்திருங்க சார்."

"என்ன?"

"நாற்காலி படத்துல இருக்குது. எழுந்திருங்க."

விஜயராகவன் ஏனென்று தெரியாமலே எழுந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் அந்தக் குரலில் பேசியதில்லை. தனக்கொடி துண்டோடு சேர்த்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் லாரியின் பின்பக்கத்தில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். அலுவலகமே எழுந்து கதவருகில் கூடியிருந்தது.

"இது அக்கிரமம்!" என்றார் துணை இயக்குநர். "ஐயா, நீங்களாவது உங்கள் மனைவிக்கு எடுத்துச் சொல்லுங்கள்!"

ராஜவேல் மனைவியின் கையிலிருந்த போனை வாங்கினார். சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று தனக்கொடிக்கே தெரியவில்லை.

"அந்த டேபிள் ஃபேனும் இருக்குது கொடி," என்றார்.

சொல்லிவிட்டு, தானே போய் அதன் கட்டை அவிழ்த்தார். இருபத்தாறு வருஷக் கல்யாண வாழ்க்கையில் தனக்கொடி அவரை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதற்குள் டிராக்டர்க்காரன் ஜீப்புக்குக் கயிறு கட்ட ஆரம்பித்திருந்தான். விஜயராகவன் திடலுக்கு ஓடிவந்தார். ஜீப்பின் முன்னால் கைகளை விரித்துக்கொண்டு நின்றார்.

"நல்லதாப் போச்சு," என்றாள் தனக்கொடி. "நீங்களும் படத்துல இருக்கீங்க சார். நடுவுல, சிரிச்சுக்கினு. கடையில தட்டு கழுவ ஆள் இல்லாம கஷ்டப்படறேன். ஏறிக்குங்க."

இயக்ககம் அவசரக் கூட்டம் போட்டது. நாற்காலி போய்விட்டதால் துணை இயக்குநர் நின்றுகொண்டே தலைமை தாங்கினார். படத்தில் உள்ள மனிதர்கள் விற்பனைக்கு உரியவர்கள் அல்லர் என்று முதல் தீர்மானம் நிறைவேறியது. அப்படியானால் மனிதர்களுக்கு லாரியை விடக் குறைந்த மதிப்பா என்று ஓர் அலுவலர் வருத்தப்பட்டுக் கேட்டது குறிப்பில் சேர்க்கப்படவில்லை. படமே தவறு என்று தீர்மானித்தால் என்ன என்று இன்னொருவர் கேட்டார். படம் தவறு என்றால் படமெடுப்பு விழா தவறு, விழா தவறு என்றால் ஊட்டி தவறு என்று கணக்கர் நினைவூட்டினார். வெளியே டிராக்டர் உறுமிக்கொண்டிருந்தது. ஜீப் ஒரு முழம் நகர்ந்தது.

கூட்டத்தின் முடிவை நாராயணசாமி வந்து படித்தார். "படத்தில் காணப்படும் ஜீப், நாற்காலி, விசிறி ஆகியவற்றுக்கு மாற்றாக, படத்தில் காணப்படாத சக்கரங்கள் ஆறு, நல்லெண்ண அடிப்படையில்..."

"சக்கரத்த உருட்டினு வாங்க," என்றாள் அவள்.

அவர்களே உருட்டிக்கொண்டு வந்தார்கள். கணக்கர் ஒன்று, தலைமை எழுத்தர் ஒன்று, வெள்ளைச் சட்டையெல்லாம் கறுப்பாக. மாட்டி முடிக்க மதியம் ஆகிவிட்டது. லாரி டிராக்டருக்குப் பின்னால் அசைந்து அசைந்து கிளம்பி, கடலூர் சாலைக்கு ஏறியது. ராஜவேல் அதன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, எஞ்சினே இல்லாத வண்டியின் ஸ்டியரிங்கை மிகக் கவனமாகத் திருப்பிக்கொண்டு வந்தார்.

தவளக்குப்பம் சந்திப்பில் லாரி நின்றது. பின்தட்டை இறக்கினால் அதுதான் மேசை. அடுப்பு உள்ளே, வடகறி முன்னால். இடித்தவர்கள் ஒருநாள் வந்தார்கள். சுற்றிச் சுற்றி நடந்து சக்கரங்களை எண்ணினார்கள். இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போனபிறகு கடைவீதியில் கடை இழந்த பெண்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். பழக்கடை ஆயம்மா, பூக்கடை செல்வாம்பாள், கருவாடு விற்கும் கமலா. லாரியைத் தட்டிப் பார்த்தார்கள். இன்னும் ஆறு அங்கே நிற்பதாகத் தனக்கொடி சொன்னாள்.

"போன்ல பாத்தேனே," என்றாள் ஆயம்மா. "ஒண்ணும் வெளங்கல. ஒரே கட்டைவிரலா இருக்குது."

"அவங்க படம் எடுத்தா அப்பிடித்தான் இருக்கும். நாளைக்கு மத்தியானம் கடைய மூடிட்டு வரேன். தொடப்பம், வாளி, துணி எடுத்துக்குங்க. நாமளே கழுவி, நாமளே எடுக்கலாம்."

மறுநாள் அவர்கள் திடலுக்குள் போனபோது காவலாளி தடுக்கவில்லை. பெண்கள் வாளியோடு வந்ததால் சுத்தம் செய்ய வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார். நினைத்ததும் சரிதான். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு வரிசை ஐந்து லாரியின் மேல் ஏறினார்கள். சருகும் எச்சமும் சேறும் பாளம் பாளமாக விழுந்தன. திடலின் மூலையில் இருந்த குழாயில் நீளமான ரப்பர் குழாயைச் செருகித் தண்ணீர் அடித்தார்கள். அழுக்குக்கு அடியிலிருந்து ஒரு பச்சை வந்தது. மாங்காய்ப் பச்சை. கதவில் வெள்ளை எழுத்தில் ஏதோ பிரெஞ்சுச் சொல்லும் வந்தது. ராஜவேல் கீழே மண்டியிட்டுச் சக்கரங்கள் நன்றாகத் தெரியும்படி படம் பிடித்தார். துரு இருந்த இடத்தையும் தனியாகக் கிட்டே போய் எடுத்தார். ஓட்டையையும் எடுத்தார்.

சத்தம் கேட்டு விஜயராகவன் ஓடிவந்தார். பின்னால் நாராயணசாமி.

"நிறுத்துங்கள்! யாரைக் கேட்டுக் கழுவுகிறீர்கள்? அந்த அழுக்கு அரசாங்க அழுக்கு! இருபது வருஷமாக இருப்பில் உள்ளது!"

"கீழதான் கொட்டியிருக்கோம் சார். அள்ளிக்குங்க," என்றாள் தனக்கொடி.

"இப்படிக் கழுவிக் காட்டினால் எல்லாவற்றையும் வாங்கிவிடுவார்களே! அப்புறம் இந்த இயக்ககம் என்ன ஆவது? நாங்கள் எல்லாம் என்ன ஆவது?"

"எங்க கடைய இடிச்சப்ப நாங்க இன்னா ஆவறதுன்னு யாரும் கேக்கல சார். நீங்க கேட்டீங்களே, அதுவே பெரிய விஷயம்."

அவள் தண்ணீர்க் குழாயை ஆறாவது லாரியின் பக்கம் திருப்பினாள். விஜயராகவனுக்கு முகம் சிவந்தது. நாராயணசாமி பக்கம் திரும்பிக் கத்தினார்.

"என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள்? போய் அந்தக் குழாயை மூடுங்கள்!"

நாராயணசாமி குழாயைப் பார்த்தார். லாரியின் நெற்றியில் மெல்ல வெளிவந்துகொண்டிருந்த சிவப்பைப் பார்த்தார். ஏழு லாரிகளுக்கும் முதுகைக் காட்டி ஜன்னலோரத்தில் உட்கார்ந்து அவருக்குத் தலை நரைத்திருந்தது. அதிலொன்று சிவப்பு என்று அவருக்குத் தெரியாது.

"குழாய் பொதுப்பணித் துறைதுங்க சார்," என்றார் பணிவாக. "அதத் தொட நமக்கு அதிகாரம் இல்ல. வேணும்னா எழுதிக் கேக்கலாம். பதில் வர்றதுக்குக் கொஞ்ச நாள் ஆவும்."

சொல்லிவிட்டு, தண்ணீர் தெறிக்காத தூரமாகப் பார்த்து ஒதுங்கி நின்று, கையைக் கட்டிக்கொண்டு பார்க்க ஆரம்பித்தார்.